சிவப்புக்கு யாரும் காரணம் கேட்பதில்லை

உலகத்தில் இதுவரை ஓர் உயிரைக்கூட எடுக்காத நிறம் ஒன்று உண்டென்றால் அது சிவப்பு. பச்சையை நம்பிப் போய் மோதியவர்கள் உண்டு. மஞ்சளை மதிக்காமல் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. சிவப்பு மட்டுமே கை கறைபடாத நிறம். பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு விதிகள் நடத்திய ஆசிரியர் முதல் வகுப்பிலேயே கரும்பலகையை ஓங்கித் தட்டி இதைச் சொன்னார். தட்டிய வேகத்தில் பலகை கழன்று அவர் கால்மேல் விழுந்தது. மீதிப் பாடத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடி நடத்தினார்.

டீ நன்றாக இருந்தது, நன்றி. விசாரணை என்றால் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள் என்று என் வீட்டுக்காரி பயமுறுத்தி அனுப்பினாள். நீங்கள் பிஸ்கட் வேறு வைத்திருக்கிறீர்கள். எதையும் மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. மறைக்கிறவன் தப்புச் செய்தவன். நான் விதிப்படி நடந்தவன். ஸ்டேஷன் மாஸ்டர் வேலையில் அதற்கு மேல் ஒரு மனுஷன் என்னதான் செய்ய முடியும்?

நீங்கள் கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர் என்று கேள்விப்பட்டேன். அதனால் சிக்னலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

தண்டவாளம் இரண்டிலும் மெல்லிய மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். தொட்டால் எறும்பு கடித்த அளவுகூடத் தெரியாது. ரயில் வந்து நின்றால் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிடும். மின்சாரம் அந்தக் குறுக்கு வழியிலேயே திரும்பிப் போய்விடும். உடனே என் மேஜைமேல் இருக்கும் பலகையில் அந்தத் தடத்துக்கு நேராகச் சிவப்பு விளக்கு எரியும். ஸ்டேஷனுக்கு வெளியே இரு பக்கமும் இருக்கும் ஹோம் சிக்னலும் சிவப்புக்கு விழுந்துவிடும். உள்ளே ஒரு ரயில் நிற்கிறது, இன்னொன்று வராதே என்று அர்த்தம்.

இதில் அழகு என்னவென்றால், ரயில் நின்றால்தான் சிவப்பு என்றில்லை. கம்பி அறுந்தாலும் சிவப்பு. பாட்டரி செத்தாலும் சிவப்பு. எலி கடித்தாலும் சிவப்பு. எது கெட்டாலும் சிவப்புக்குத்தான் போகவேண்டும், தவறியும் பச்சைக்குப் போகக் கூடாது. ரயில்வேயின் மொத்த மூளையும் இந்த ஒரு வரிக்குள் அடக்கம். ஆகவே விபத்து நடந்தால் பச்சை காட்டியவனைத்தான் கூப்பிட்டு ஏனடா காட்டினாய் என்று கேட்பார்கள். சிவப்புக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. என் சர்வீஸில் நீங்கள்தான் முதல் ஆள்.

இந்தத் தத்துவத்தை நான் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே பிடித்துக்கொண்டேன். நிற்கிற ரயில் எதிலும் மோதாது. சந்தேகம் வந்தால் நிறுத்து. சந்தேகம் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று சந்தேகப்பட்டு நிறுத்து. ஊருக்குள் எனக்கு ‘சிவப்பு சார்’ என்று பட்டப்பெயர். மரியாதையாகச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். சவரக்கடையில் என்னை உட்காரவைத்துவிட்டு, "சார் வண்டியத்தான் நிறுத்துவாரு, முடி அவருக்கும் நிக்கமாட்டேங்குதே" என்று ஒருவன் சொன்ன பிறகுதான் லேசாகப் புரிந்தது.

இனி மச்சான் கதைக்கு வரவேண்டும். மச்சான் இல்லாமல் இந்த விஷயம் விளங்காது.

எங்கள் பக்கம் ஒற்றைத் தடம். போகிற வண்டிக்கும் வருகிற வண்டிக்கும் ஒரே பாதை. அதனால் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் தன் இஷ்டத்துக்கு வண்டியை அனுப்ப முடியாது. அடுத்த ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, பாதை காலியா, வண்டியை அனுப்பலாமா என்று கேட்க வேண்டும். அவர், காலி, அனுப்பலாம் என்று அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்லி அனுமதி கொடுக்க வேண்டும். ஒருவர் கேட்க ஒருவர் கொடுக்க, நாள் முழுக்க இதேதான். கல்யாணப் பேச்சில்கூட இவ்வளவு கேட்டுக் கொடுப்பதில்லை.

எனக்கு அடுத்த ஸ்டேஷனில் மாஸ்டராக இருப்பவர் என் மனைவியின் அண்ணன். எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று நெடுநாளாகிறது. அவர் வீட்டு விருந்தில் எனக்கு இலை போட மறந்துவிட்டார்கள், கடைசிப் பந்தியில் குழந்தைகளோடு உட்கார வைத்தார்கள். அதெல்லாம் இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லை. ஆனால் விதி என்பது குடும்பச் சண்டையைவிடப் பெரியது. வீட்டில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற இரண்டு பேர், போனில் ஒரு நாளைக்குப் பலமுறை ஒருவர் சொன்னதை ஒருவர் பணிவாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தோம். "உங்க ரெண்டு பேரையும் பேசவைக்க ஒரு ரயில்வேயே தேவைப்படுது" என்பாள் என் மனைவி.

இந்த நிலைமையில்தான் தலைமை அலுவலகம் தூய்மை நிலையப் போட்டி ஒன்றை அறிவித்தது.

என் ஸ்டேஷனை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஒரு பிளாட்பாரம், ஒரு அறை, ஒரு வேப்பமரம், வெளியே வந்தால் எதிரிலேயே அரசு ஆஸ்பத்திரி. இரண்டாவது தடம் ஒன்று உண்டு; தண்டவாளத்து அடிக்கட்டைகளை மாற்றுவதற்காக அதைப் பிரித்துப் போட்டு மழைக்காலமும் வெயில்காலமும் கடந்துவிட்டன. ஆக, இருப்பது ஒரே தடம்தான். இத்தனைக்கும் நடுவே, கடவுளின் கருணையோ கான்ட்ராக்டரின் கைத்தவறோ தெரியவில்லை, வேறெங்கோ பெரிய ஸ்டேஷனுக்குப் போகவேண்டிய வெள்ளை டைல்ஸ் எங்கள் கழிப்பறைக்கு வந்து சேர்ந்தன.

பதித்து முடித்த அன்று நானும் என் பாயிண்ட்ஸ்மேனும் வாசலில் நின்று பார்த்தோம். தடம் மாற்றும் விசையைப் பார்த்துக்கொள்வது, கொடி பிடிப்பது, பெருக்குவது, டீ வாங்கிவருவது எல்லாம் அவன் பொறுப்பு. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை, நல்ல பையன், ஆனால் வாய் சும்மா இராது.

"சார், இதுல முகம் பாத்து தல சீவலாம் போலிருக்கு."

"சீவாதே, முடி விழும்."

"அப்ப இதை என்னதான் சார் பண்றது?"

நியாயமான கேள்வி. நான் பூட்டினேன். இதுவும் சிக்னல் தத்துவம்தான் என்று அவனுக்கு விளக்கினேன். தூய்மை என்பது ஒரு பாதுகாப்பு. பொதுமக்கள் என்பது ஒரு ஆபத்து. ஆபத்து வந்தால் கதவு தானாகச் சிவப்புக்குப் போக வேண்டும். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப ஜனங்க வேப்பமரத்துக்குப் பின்னாடி போகணும், அதானே சார் தத்துவம்" என்றான். சாவியை என் இடுப்பு பெல்ட்டில் கோத்துக்கொண்டேன். தூங்கும்போதும் கழற்றவில்லை. வீட்டுக்காரி, பீரோ சாவியை எனக்குத் தரமாட்டீங்க, கக்கூஸ் சாவியை நீங்க கட்டிக்கிட்டுத் தூங்குவீங்க, நல்லா இருக்கு குடும்பம் என்றாள்.

பரிசு எங்களுக்கு உண்டு என்று தகவல் வந்தது. பெரிய அதிகாரி தனி வண்டியில் வந்து, தாமே கதவைத் திறந்து பார்த்து, படம் எடுத்து, பரிசைக் கையில் கொடுப்பார். நான் பிளாட்பாரத்துக்கு வெள்ளையடித்தேன். வேப்பமரத்துக்கும் இடுப்பளவு அடித்தேன். அங்கே வழக்கமாகப் படுத்திருக்கும் நாய்க்கும் கொஞ்சம் பட்டுவிட்டது.

அன்றைய நிலவரம் இதுதான். மச்சான் பக்கத்திலிருந்து மதியப் பாசஞ்சர் வரவேண்டும். அதற்கு எதிர்த்திசையிலிருந்து, வெகு நேரம் கழித்து, அதிகாரியின் தனி வண்டி. பாசஞ்சரை உள்ளே வாங்கி, ஆளை இறக்கி, மேற்கொண்டு அனுப்பிவிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்தால்தான் தனி வண்டி வரும். எந்தச் சிக்கலும் இல்லை. விதி தெரியாத குழந்தைகூட நடத்தியிருக்கும். இதை நானே ஒத்துக்கொள்கிறேன், நீங்கள் கேட்காமலேயே.

மச்சான் போன் செய்தார். பாதை காலியா என்று கேட்டார். காலி என்றேன். வண்டியை அனுப்பிவிட்டு, இத்தனை காலத்தில் முதல் தடவையாக, விதியில் இல்லாத ஒரு வார்த்தை பேசினார்.

"மாப்பிள்ளை."

மாப்பிள்ளை என்ற சொல்லுக்கு என்ன திருப்பிச் சொல்லவேண்டும் என்று விதிப்புத்தகத்தில் இல்லை.

"மாப்பிள்ளை, கேக்குதா? இங்க என் ஸ்டேஷன்ல பாத்ரூமைப் பூட்டிட்டேன். பைப்பு ரிப்பேருன்னு போர்டு மாட்டிருக்கேன். ஜனங்க சண்டைக்கு வந்துட்டாங்க. அடுத்த ஸ்டேஷன்ல எங்க மாப்பிள்ளை அரண்மனை கணக்கா டைல்ஸ் போட்டு வச்சிருக்காரு, அங்க போயி ஆற அமர இருங்கன்னு சொல்லி ஏத்தி விட்டுட்டேன்."

"எத்தனை பேர்?"

"வண்டி ரொம்பி வழியுது. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களே ரெண்டு பெட்டி. வழியில தர்பூசணி வித்திருக்காங்க வேற."

அது குறுகிய தூரத்து வண்டி. பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. தர்பூசணி சாப்பிட்ட இரண்டு பெட்டிப் பிள்ளைகளும், அவர்களுக்குப் பின்னால் பெரியவர்களும் என் வெள்ளை டைல்ஸை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். வெண்ணெய் திரண்டு வருகிறபோது தாழி உடைகிற சத்தம் எனக்கு ரயில் சத்தமாகவே கேட்டது.

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இரண்டு முனையிலும் கவ்வி வைத்த ஒரு கம்பி கொடுத்திருப்பார்கள். தடத்தில் ஏதாவது பெரிய ஆபத்து என்றால், ஓடிப்போய் அந்தக் கவ்வியை இரண்டு தண்டவாளத்திலும் மாட்டிவிட வேண்டும். ரயில் நிற்பதாக நினைத்துக்கொண்டு சிக்னல் தானே சிவப்பாகிவிடும். வருகிற வண்டி நின்றுவிடும். எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய கம்பி அது. அதை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தின் கடைசிக்குப் போனேன். ஒரு முனையை இந்தத் தண்டவாளத்தில், மறு முனையை அந்தத் தண்டவாளத்தில். மேலே கொஞ்சம் ஜல்லியைத் தள்ளி மூடினேன். திரும்பி வந்து கை கழுவினேன். பலகையில் சிவப்பு எரிந்தது. காலித் தடத்தில் ஒரு ரயில் நின்றது.

இப்படிச் சொன்னதும் நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். தயவுசெய்து எழுதுங்கள். நான் யாரையும் மோதவிடவில்லை. நிறுத்தினேன். அவ்வளவுதான்.

பாசஞ்சர் வந்து ஹோம் சிக்னலில் நின்றது. ஊதியது. விதிப்படி ஊதவேண்டும். மறுபடி ஊதியது. நான் விதிப்படி கேட்டுக்கொண்டிருந்தேன். வெகு நேரம் நின்றால் வண்டியிலிருந்து ஒருவர் ஸ்டேஷனுக்கு நடந்துவந்து நினைவூட்ட வேண்டும் என்பதும் விதி. உதவி டிரைவர் வந்தாள். சின்னப் பெண், வியர்த்துப்போயிருந்தாள், ஆனால் முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

"சார், தூக்கமா?"

"தடத்தில் ரயில் இருக்கிறது அம்மா." பலகையைக் காட்டினேன்.

அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஒரு காகம், ஒரு வெள்ளையடித்த நாய்.

"எந்த ரயில் சார்?"

"அது தெரியவில்லை. இருப்பதாகக் காட்டுகிறது."

"நான் அந்தத் தடத்து மேலதான் சார் நடந்து வந்தேன்."

"நீங்கள் ரயில் இல்லையே அம்மா. உங்களை அது எப்படித் தடுக்கும்?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி சார், பலகை கெட்டிருக்குன்னே வச்சுக்குவோம். தடம் காலியா இருக்குன்னு கண்ணால பாத்துட்டு, சிவப்பைத் தாண்டி வரலாம்னு எழுத்துல அனுமதி குடுங்க. அதுவும் விதிதானே? மெதுவா உருட்டிக்கிட்டு வந்துர்றோம்."

விதிதான். நல்ல விதி. ஆனால் கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் தீர விசாரித்துக்கொண்டிருந்தேன். அதை அவளிடமும் சொன்னேன்.

"விசாரிங்க சார். அங்க ஆம்பளைங்க எல்லாம் புதருக்குப் போயிட்டு வந்து சீட்டாட உக்காந்துட்டாங்க. பொம்பளைங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. புள்ளைங்க உங்க மேல பாட்டுக் கட்டிப் பாடுதுங்க, நல்லாத்தான் இருக்கு, பாடிக் காட்டவா?"

வேண்டாம் என்றேன். எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "இன்னொண்ணு சார். ஒரு பொண்ணுக்கு வலி கண்டிருக்கு. பிரசவ வலி. வண்டியில ஒரு நர்ஸம்மா இருக்காங்க, பாத்துக்கிறாங்க. ஆனா ஆஸ்பத்திரி இந்தா உங்க வாசல்லயே இருக்கு. அதையும் சேத்து விசாரிங்க."

எனக்கு அது புதுச் செய்தி இல்லை. மச்சான் சொன்ன செய்தியில் இன்னொரு பாதி இருந்தது. அதை நான் இதுவரை உங்களிடம் சொல்லவில்லை. நீங்களும் இதுவரை கேட்கவில்லை.

தர்பூசணியைச் சொல்லி முடித்த பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள்ளை, விளையாட்டு போகட்டும். உன் பாயிண்ட்ஸ்மேன் பொண்டாட்டி இந்த வண்டியில வருது. தாய் வீட்டுக்கு வந்திருந்துச்சில்ல, திடீர்னு வலி எடுத்திருச்சு. கூட யாரும் இல்ல, அம்மாக்காரிக்குக் கால் முடியல. கார்டு பெட்டியில படுக்க வச்சிருக்கேன். பையன்கிட்டச் சொல்லி, வண்டி வந்ததும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடச் சொல்லு."

நான் செய்தியைத் திருப்பிச் சொன்னேன். வார்த்தை பிசகாமல் சொன்னேன். செய்தி சரிதானா என்று கேட்டேன். சரி என்றார். வைத்துவிட்டேன்.

பாயிண்ட்ஸ்மேன் அப்போது என் எதிரில்தான் நின்றான். அதிகாரிக்குப் போடவேண்டிய மாலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். "என்ன சார், உங்க மச்சானா? ராசியாயிட்டீங்களா?" என்று கேட்டான்.

பணியில் இருப்பவனின் மனம் சிதறக் கூடாது என்பது எங்கள் பாடத்தில் முதல் பக்கம். மனம் சிதறினால் விபத்து. ஆகவே அவனை எதிர்ப்பக்க ஹோம் சிக்னலுக்குப் போகச் சொன்னேன். கம்பத்தில் இருக்கும் எண் பலகையைத் துடைத்துவிட்டு, தனி வண்டி வரும்வரை அங்கேயே கொடியோடு நிற்கும்படி சொன்னேன். பாசஞ்சர் நின்ற பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். அவன் விசிலடித்துக்கொண்டே போனான். அவன் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் கம்பியை எடுத்தேன். இல்லை, உணர்ச்சிவசப்பட்டுச் செய்யவில்லை. தலைப்பிரசவம், நேரம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் செய்தேன். எனக்கு இரண்டு பிள்ளைகள்; இரண்டு பேரும் ராத்திரி முழுக்க இழுத்தடித்துத்தான் பிறந்தார்கள்.

இதற்கிடையில் தனி வண்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அது வந்து நிற்பதற்கு முன் கம்பியைக் கழற்றிவிடலாம் என்பதுதான் என் ஏற்பாடு. கழற்றினால் விளக்கு அணையும், தனி வண்டிக்குப் பச்சை கொடுக்கலாம், அதிகாரி பார்ப்பார், படம் எடுப்பார், வந்த வழியே திரும்பிப் போவார். அப்புறம் பாசஞ்சர். யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு கம்பிப் பக்கம் நான் நடந்தபோது பாட்டுச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன்.

நாற்பது வருஷ ரயில்வே அறிவில் நான் யோசிக்காமல் விட்ட ஒரு விஷயம் அங்கே வந்துகொண்டிருந்தது. சிக்னல் ரயிலுக்குத்தான் சிவப்பு. மனுஷனுக்கு இல்லை. வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, வண்டியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் இறங்கித் தண்டவாளத்து ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ‘சிவப்பு சாரே, செத்துப்போச்சா பச்சை’ என்று தாளம் போட்டுக்கொண்டு. அதற்குப் பின்னால், சீட்டாடியவர்கள் நாலு பேர் பெட்டியின் பலகை இருக்கை ஒன்றைக் கழற்றித் தோளில் தூக்கி வந்தார்கள். அதன்மேல் அந்தப் பெண். பக்கத்தில் நர்ஸம்மா, குடை பிடித்துக்கொண்டு. ஒரு ரயில் நிலையத்துக்குள் இவ்வளவு பேர் ரயில் இல்லாமல் வந்ததை நான் பார்த்ததில்லை.

நர்ஸம்மா பெரிய உடம்புக்காரி, பேச்சு வெட்டொன்று துண்டிரண்டு. அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்காது. நல்ல தண்ணியும் சுத்தமான தரையும் வேணும். எங்க இருக்கு?" என்றாள்.

இருநூறு கைகள் ஒரே பக்கம் நீண்டன.

"சாவி," என்றாள் என்னிடம்.

நான் அவளிடம் மரியாதையாகத்தான் பேசினேன். "அம்மா, என் அறை இருக்கிறது. மேஜை இருக்கிறது. விரித்துத் தருகிறேன். அதிகாரி இதோ வந்துவிடுவார், ஒரே ஒரு படம்…"

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து பாயிண்ட்ஸ்மேன் கொடியோடு ஓடி வந்தான். கூட்டத்தைப் பார்த்து வந்திருக்கிறான். பலகைமேல் படுத்திருந்தவள் அவனைப் பார்த்து, வலிக்கு நடுவிலும், "நல்லா வந்தீங்களே, வண்டி லேட்டுன்னா ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். அருகில் வந்து என் பெல்ட்டிலிருந்து சாவியை இழுத்துக்கொண்டான். பெல்ட்டும் சேர்ந்து வந்துவிட்டது. மேலதிகாரியின் உடலைப் பணி நேரத்தில் தொட்டது, சீருடையைச் சேதப்படுத்தியது, அனுமதியின்றி இடத்தைவிட்டு வந்தது: இந்த மூன்றுக்கும் அவன்மேல் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்று முழுவதும் நடந்த விதிமீறல்கள் அவை மட்டும்தான்.

தனி வண்டி எதிர்ப்பக்கம் வந்து ஊதியது. கம்பி இருந்த இடத்தைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் நடுவில் குனிந்து ஜல்லியைக் கிளற எனக்கு மனம் வரவில்லை. ஆக, அதுவும் நின்றது. இந்தப் பக்கம் ஒரு வண்டி, அந்தப் பக்கம் ஒரு வண்டி, இரண்டுக்கும் நேராகச் சிவப்பு, நடுவில் என் ஸ்டேஷன். என் வாழ்நாளில் இவ்வளவு பாதுகாப்பான நிமிஷத்தை நான் பார்த்ததில்லை.

பெரிய அதிகாரி காத்துக் காத்துப் பார்த்துவிட்டு இறங்கி நடந்து வந்தார். பளபளக்கும் பூட்ஸ். பின்னால் பரிசுப் பெட்டியோடு ஒருவர், கேமராவோடு ஒருவர். தூரத்திலிருந்தே கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார், தம்மை வரவேற்க வந்தவர்கள் என்று நினைத்து. உயர்த்திய கையோடு கம்பியில் கால் சிக்கி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஜன்னல் வழியே தெரிந்த பலகையில் சிவப்பு அணைந்தது. கூட்டத்தோடு வந்திருந்த உதவி டிரைவர் அவர் பூட்ஸிலிருந்து கவ்வியைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ரயில் கிளம்பிருச்சு சார்" என்றாள்.

அந்த நேரத்தில்தான் உள்ளேயிருந்து குழந்தை அழுதது. பிள்ளைகள் கைதட்டினார்கள், சீட்டாடியவர்கள் விசிலடித்தார்கள், அதிகாரியும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கைதட்டினார். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். மச்சான் ஒரு கூடைப் பழம் அனுப்பினாராம், என்னைத் தவிர எல்லாருக்கும். நர்ஸம்மா வெளியே வந்து, "இவ்வளவு சுத்தமான லேபர் வார்டு நான் பாத்ததில்லை" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னாள். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு கழிப்பறை வாசலில் வரிசை நின்றது. பொழுது சாய்கிறவரை நின்றது.

சரி, நீங்கள் கேட்கிற மாதிரியே சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கம்பியை வைத்தது நான். அந்தப் பெண் அந்த வண்டியில் வலியோடு படுத்திருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் வைத்தேன். அவள் புருஷனுக்குத் தெரியக் கூடாது என்றுதான் அவனைத் தூரமாக அனுப்பினேன். உதவி டிரைவர் வந்து கேட்டபோதும் கழற்றவில்லை. அந்தப் பெண் வண்டியிலேயே செத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கிறீர்கள். பாசஞ்சரை உள்ளே வாங்கியிருப்பேன், தனி வண்டி போன பிறகு.

பரிசுக்காகவா என்று இவ்வளவு நேரம் கழித்துக் கேட்கிறீர்களே. பரிசு என்று லேசாகச் சொல்லக் கூடாது. அது ஒரு நிலையத்தின் மானம்.

முதல் பரிசா? இல்லை, இரண்டாவது. முதல் பரிசை மச்சானுக்கு முந்தின நாளே கொடுத்துவிட்டார்கள். போட்டியில் சேர்ந்திருந்தவை எங்கள் இரண்டு ஸ்டேஷன்கள்தான்.